கம்பில் ஒட்டியிருந்த மின்னல்

வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் அவர் முதலில் மேலே பார்ப்பார். ஒரு செருப்பு மாட்டியிருக்கும், இன்னொன்று கால்விரலில் தொங்கும். அதற்குள் முகவாய் உயர்ந்துவிடும். இடமிருந்து வலமாக ஒரு பார்வை, திரும்ப வலமிருந்து இடமாக ஒன்று. அதன்பிறகுதான் அடுத்த அடி தெருவில் விழும். அதைப் பார்த்துவிட்டு மழை வரப்போகிறதென்று குடையோடு கிளம்பி, நாள் முழுக்க வெயிலில் அதைச் சுமந்து திரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. அப்படித்தான் தெருவில் அவருக்கு ‘மேகம்’ என்று பெயர் வந்தது.

மகள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த பதினாறு படங்களில் பதினான்கில் அவருடைய முகவாய்தான் தெரிகிறது. கண் எங்கோ கல்லூரிக் கூரைக்கு மேலே.

“மேல என்ன, உங்க அப்பன் வீட்டு விமானமா வருது? கேமராவப் பாருங்க!” என்று அன்றைக்கு மனைவி விலாவில் இடித்தாள்.

“பாத்துட்டேன், பாத்துட்டேன்,” என்றார், பார்க்காமலே.

மேகம் மின்வாரியத்தில் லைன்மேன். முப்பது வருடம் கம்பங்களில் ஏறி இறங்கியவர் கம்பியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மகளும் விட்டுவிட்டாள். அந்தப் பார்வைக்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று இருபத்திரண்டு வயதுவரை அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். அதனால் தெரு அவளை ‘டிகிரி’ என்று கூப்பிட்டது. இயற்பியல் பட்டம். வாங்கி எட்டு மாதமாகியும் வேலை கிடைக்காததால் அந்தப் பெயரில் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கிண்டல் மட்டும் மிஞ்சிக்கொண்டிருந்தது. சும்மா இருப்பதற்கு அப்பாவின் சனிக்கிழமை வகுப்பில் வருகைப்பதிவாவது எழுதலாம் என்று அவளும் போக ஆரம்பித்தாள்.

வகுப்பு பொது நூலகத்தின் பின்னறையில் நடந்தது. பழைய செய்தித்தாள் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு நீள மேசைகள், சுவரோரம் கம்பு சாய்த்துவைக்க ஒரு மரச்சட்டம். பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் ஆறு பேர். அவரவர் தூண்டில் கம்பை அவரவரே கட்டிக்கொள்வதுதான் பாடம். நான்கு வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒரு குழு. யாரும் கேட்காமல் அவராகவே நூலகரிடம் போய் அந்த அறையை வாங்கினார். மீன் கறியைக்கூட முள்ளுக்குப் பயந்து தொடாத மனிதருக்கு எதற்கு இந்த வேலை என்று மனைவி நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் பாடம் கம்பின் முதுகு. ஒன்றும் கட்டாத வெறுங்கம்பை எடுத்து, அடியைத் தரையில் ஊன்றி, நுனியை இடது கையால் பிடித்து, வில்லாக வளைத்து, நடுவில் வலது உள்ளங்கையால் மெல்ல உருட்டச் சொல்வார். உருண்டுகொண்டே வரும் கம்பு ஓரிடத்தில் சட்டென்று துள்ளித் திரும்பி நின்றுவிடும்.

“அதான் முதுகு. ஒவ்வொரு கம்புக்கும் ஒரு பிடிவாதம் இருக்கு. அது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்காம தூண்டில் நூல் ஓடுற வளையத்தக் கட்டினா, மீன் இழுக்கிறப்போ கம்பு உங்க கையிலயே முறுக்கிக்கும். பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கோங்க.”

“எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார் சார், எந்தப் பக்கம் உருட்டினாலும் துள்ளுவார்,” என்றான் ஒட்டடைக்குச்சி. ஆறடி உயரத்துக்கு வளர்ந்து அகலத்தை மறந்துபோன பையன்.

“உங்கப்பாவ இங்க கூட்டிட்டு வராத. அவ்ளோ பென்சில் கிடையாது,” என்றார் மேகம்.

பிறகு சுத்தம். வெறுங்கம்பில் ஒட்டியிருக்கும் தூசு, பசை, விலைச்சீட்டு எல்லாவற்றையும் வெந்நீர்த் துணியால் துடைத்து, மிஞ்சியதை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். “நூல் கட்டுற இடம் பளிங்கு மாதிரி இருக்கணும். ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மேல பூசுற பசை அங்க கொப்புளமாயிடும்.” அதற்குப்பின் வளையங்கள். நூலைத் தளராமல் சுற்றுவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. நூல்கண்டை ஒரு டம்ளரில் போட்டு, நூலைத் தடித்த புத்தகமொன்றின் நடுப்பக்கத்துக்குள் நுழைத்து வெளியே எடுத்து, புத்தகத்தின்மேல் இன்னொரு புத்தகத்தை ஏற்றிவிடுவார். பக்கங்களின் பிடியில் நூல் விறைப்பாக வரும். கம்பை உருட்ட உருட்ட நூல் தானாகச் சுற்றிக்கொள்ளும். அதற்கு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது டிகிரியின் வெப்பவியல் பாடநூல்.

“ஐந்நூறு பக்கம்மா. இப்பதான் உருப்படியா ஒரு வேலை பாக்குது.”

ஆறு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வலித்தது.

அந்த வகுப்பில் ஒரே ஒரு தடை. கார்பன் கம்பு கூடாது, கண்ணாடி இழைக் கம்புதான். ஃபைபர் என்று அவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இது ஆறவே ஆறாத குறை. கார்பன் இறகு மாதிரி இருக்கும். மீன் மூச்சு விட்டால்கூடக் கையில் தெரியும் என்பார்கள். ஃபைபர் உலக்கை.

“ஏன் சார் கூடாது?” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பவள் அவசரம். பதினேழு வயது. பசை காய்வதற்குள் தொட்டுப் பார்த்துப் பார்த்து, அவள் கம்பில் அவளுடைய கைரேகை நிரந்தரமாகப் பதிந்திருந்தது. அதனால் வந்த பெயர்.

“கனமா இருந்தா கை பழகும்.”

“அப்போ கடப்பாரைல கட்டலாமே சார்?”

“பேச்சைக் குறை, நூலப் பாரு.”

காரணம் அதுவல்ல என்று டிகிரிக்குத் தெரியும். கார்பனில் மின்சாரம் பாயும். உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடிப்பதும் செப்புக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும் ஒன்றுதான். தேர்வில் கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதி, படமும் வரைந்திருப்பாள். ஒருநாள் வீட்டில் அப்பாவிடம் கேட்டும் பார்த்தாள்: “கரண்ட் பாயும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போச்சு. ஏம்ப்பா சுத்தி வளைக்கிறீங்க?” அவர் எழுந்து குளிக்கப் போனார். அன்றைக்கு ஏற்கெனவே குளித்திருந்தார். அவர் வகுப்பு, அவர் பாடு என்று அவளும் அதோடு விட்டாள். அந்த ஆறு பேரிடம் அவளாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கட்டி முடித்த கம்புகளை ஓடையில் போட்டுப் பார்க்கும் சனிக்கிழமை வந்தது. கம்பிகள் எதுவும் இல்லாத ஒரு வளைவைத்தான் மேகம் எப்போதும் தேர்ந்தெடுப்பார். கம்பை இரண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும், வந்து சேர்ந்து, மேலே பார்த்த பிறகுதான் பொருத்த வேண்டும் என்பது கட்டளை. ஐந்து பேர் அப்படியே வந்தார்கள். காலை பத்து மணி வெயில். ஒட்டடைக்குச்சி தூண்டிலை முதல் வீச்சிலேயே தன் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கரைமேட்டில் அவசரம் வந்தாள்.

அவள் கையில் இருந்தது வகுப்பில் கட்டிய கம்பு அல்ல. கருகருவென்று மெலிந்த, பன்னிரண்டடி உயரக் கம்பு. யாரோ உடைத்துப்போட்ட கார்பன் கம்பை வாங்கி, ஒட்டுப்போட்டு, வீட்டிலேயே ரகசியமாகக் கட்டியிருக்கிறாள். பச்சையும் பொன்னிறமுமாக நூல் வேலை தூரத்திலிருந்தே மின்னியது. வீட்டிலிருந்தே பொருத்தி, கொடிபோல நட்டமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். வளைவுக்கு வெளியே, அவளுக்கு இருபதடி முன்னால், மேட்டின் குறுக்கே, உயர் அழுத்தக் கம்பி மூன்று போய்க்கொண்டிருந்தன. தரையில் நிற்பவருக்கு அது எட்டாத உயரம். மேட்டில் பன்னிரண்டடிக் கம்போடு வருபவருக்கு அப்படியில்லை.

“கீழே போடு!”

அது அப்பாவின் குரல் என்று டிகிரிக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவசரத்துக்கும் புரியவில்லை. பாராட்டு என்று நினைத்தாளோ என்னவோ, கம்பை இன்னும் உயர்த்தி ஆட்டினாள்.

ஐம்பத்துமூன்று வயதுக்காரர் அந்த மேட்டில் எப்படி ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் தள்ளிவிட்டதில் அவசரம் மண்ணில் விழுந்துகிடந்தாள். கம்பு புல்லில் கிடந்தது. அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, பளாரென்று கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழக்கூடத் தெரியாமல் நின்றாள். மேகம் அந்தக் கம்பை எடுத்தார். கைப்பிடிக்கு மேலே, நூல் கட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“இங்க ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்கும். மின்னல் படம் போட்டு. எங்க?”

“உரிச்சிட்டேன் சார்.”

“ஏன் உரிச்ச?”

“நீங்கதானே சார் சொன்னீங்க?” அவள் குரல் உடைந்தது. “நூல் கட்டுற இடம் பளிங்கு மாதிரி இருக்கணும்னு... வெந்நீர்ல துடைச்சு நகத்தால எடுக்கணும்னு...”

மேகத்தின் முகத்தில் இருந்த ரத்தம் அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்தார். கம்பை முழங்காலில் வைத்து முறித்தார். முறிந்த துண்டுகளை மீண்டும் முறித்தார். முறிக்க ஒன்றும் மிஞ்சாத பிறகுதான் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நடந்ததை மகள் சொன்னாள்.

“வயசுக்கு வந்த பொண்ணக் கைநீட்டி அடிச்சீங்களா?” மனைவி பையைக் கீழே வைக்கவே மறந்தாள். “பெத்த பொண்ணையே ஒரு நாளும் தொட்டதில்லையே நீங்க!”

“அப்பா, அவ கம்பிக்குக் கீழ வந்தா, அதான் அடிச்சேன்னு சொல்லிடலாம்ப்பா. அவங்க அம்மா புரிஞ்சுப்பாங்க,” என்றாள் டிகிரி.

“கம்பிக்காக அடிக்கல.” அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “ஸ்டிக்கருக்காகவும் அடிக்கல. நான்தான்... நான் என்னத்தான் அடிச்சேன்.”

பிறகு சொன்னார். கோர்வையாக வரவில்லை. முன்னுக்குப் பின்னாக, நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவருக்கு ஒரு ஜோடி இருந்தான். லைன் வேலைக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கம்பத்தின் உச்சியில் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்ப்பான் என்பதால் அவன் பெயர் சீட்டி. தூண்டில் பைத்தியம். கப்பலில் வேலை பார்த்த யாரோ ஒருவர் மூலம் மேகத்துக்கு ஒரு கார்பன் வெறுங்கம்பு கிடைத்தது. அந்த ஊர் அதுவரை கண்ணால் பார்க்காத பொருள். சீட்டியின் பிறந்தநாளுக்கென்று ஒரு மாதம் உட்கார்ந்து அதைக் கட்டினார். அவர் கட்டிய முதல் கம்பு அது. அதில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. எழுத்து புரியாத மொழி. நடுவில் ஒரு மின்னல் படம்.

“அந்த மின்னல நான் தினம் பாக்குறேன். ஒவ்வொரு கம்பத்துலயும் நானே பெயின்ட் அடிக்கிறேன். ஊரே அதப் பாத்தா ஒதுங்கும். எனக்கு அது கண்ணுலயே படாது. கம்பெனி முத்திரைன்னு நெனச்சுட்டேன். வேகத்தக் காட்டறதுக்குப் போட்ட படம்னு. வெந்நீர் வச்சு, நகத்தால... அவ்ளோ பொறுமையா உரிச்சேன். ஒரு துணுக்கு விடல.”

மூன்றாவது வாரம் சீட்டி கரைமேட்டில் இறந்துகிடந்தான். மின்சாரத்தை நிறுத்த வாரியம் அனுப்பிய ஆள் மேகம்தான். முதலில் போய்ச் சேர்ந்ததும் அவர்தான். பாதி கருகிய கம்பு அவன் பக்கத்தில் கிடந்தது. நூல் வேலை மட்டும் அப்படியே இருந்தது. பார்த்த கணத்தில் அந்த மின்னல் படம் எதற்கென்று அவருக்கு விளங்கியது.

“அத எடுத்து ஓடைல போட்டுட்டேன்.”

மகள் அடுப்பில் ஏற்றியிருந்த தண்ணீர் கொதித்து வழிந்தது. யாரும் எழுந்து நிறுத்தவில்லை.

கம்பு இல்லாததால் விசாரணைக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நிதானத்தில் இருக்கும் லைன்மேன் போய்க் கம்பியைத் தொடுவானா? குடித்துவிட்டு ஏதோ கழியைத் தூக்கி விளையாடியிருக்கிறான் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஊரும் அதையே எடுத்துக்கொண்டது.

“சீட்டி குடிக்கவே மாட்டானா?” மனைவியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“வாயில வச்சதில்ல.”

“ஐயோ.” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நானே நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேனே. குடிச்சுக் குட்டிச்சுவராப் போனவன், பொண்டாட்டிய நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டான்னு. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?”

டிகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு விஷயம். சீட்டியின் மனைவியை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெருமுனையில் துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா. இந்தக் காலத்திலும் மின்சாரப் பெட்டி வேண்டாம் என்று கரி போட்ட பெட்டியால் தேய்ப்பவர், அதைச் சிக்கனம் என்று தெரு நினைத்தது. அப்பாவின் காக்கிச் சட்டையை வீட்டில் தேய்க்கக் கூடாது, இஸ்திரி அக்காவிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் ஒருநாளும் தானாகக் கொண்டுபோனதில்லை. அந்த முனையைத் தவிர்க்கப் பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். எட்டு வயதிலிருந்து துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது அவள்தான். ஆம்பளைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். பதினான்கு வருடம் அப்பாவின் பயத்தைத்தான் அந்த மூட்டையில் சுமந்திருக்கிறாள்.

“அப்புறம் எதுக்குப்பா இந்த வகுப்பு?”

“கடைக்குக் கடை கார்பன் வந்துருச்சு. சின்னப் பசங்க அதத் தூக்கிட்டுக் கம்பிக்குக் கீழ போறத வேலைக்குப் போற இடத்துல எல்லாம் பாத்தேன். கடைல எத வாங்குவாங்கன்னு நமக்குத் தெரியாது. என்கிட்ட கட்டினா நான் குடுக்கிற கம்புதானே. ஃபைபர்னாலும் ஈரமானா ஆபத்துதான், ஆனாலும்...” நிறுத்தினார். “ஏன்னு சொல்ல ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு தெரியும். அதான் சொல்லல.”

திங்கட்கிழமை நூலகர் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். அவசரத்தின் அம்மா பேருந்து நடத்துநர். சீருடையோடு, தோளில் பையோடு, இரண்டு நடைக்கு நடுவில் வந்திருந்தார். மற்ற ஐந்து பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“நெரிசல்ல ஐநூறு பேரோட மல்லுக்கட்டுறவ நான். ஒருத்தர் மேலயும் கைவச்சதில்ல. என் பொண்ணயே நான் அடிச்சதில்ல. நீங்க யாரு சார் அடிக்க?” என்றார் நடத்துநர். “காரணம் சொல்லுங்க. சொல்லலேன்னா இங்கருந்து நேரா எங்க போகணுமோ அங்க போறேன்.”

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு இன்றோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மேகம் எழுந்து நின்றார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கார்பன் என்ன செய்யும் என்று சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகளும் அதோடு நிறுத்துவார் என்றுதான் எதிர்பார்த்தாள். நிறுத்தவில்லை. சீட்டியையும் மின்னல் படத்தையும் சொன்னார். ஓடையில் போட்டதையும் சொன்னார்.

ஒட்டடைக்குச்சி கையிலிருந்த நூல்கண்டு உருண்டு மேசைக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை. நடத்துநர் மகளின் தோளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். சனிக்கிழமை தன் மகள் எந்த இடத்தில் நின்றிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பையிலிருந்த சில்லறை கலகலவென்று ஆடியது.

“இத மொத நாளே சொல்லியிருக்கலாமே சார்,” என்றார் நூலகர் கடைசியில். “கூடாதுன்னு சொல்றது பாடமாகாது. ஏன்னு சொல்லுங்க. அறை இருக்கும்.”

எல்லாம் முடிந்தது என்று கலையப் பார்த்த நேரத்தில் அவசரம் பேசினாள்.

“அவங்க வீட்டுல சொல்லிட்டீங்களா சார்?”

அவர் சட்டத்தில் சாய்ந்திருந்த கம்புகளை நேராக்கினார்.

“நீங்க கட்டினதுன்னு. அவர் குடிக்கலன்னு.”

“இன்னும் இல்லம்மா.”

“எங்ககிட்ட சொல்லிட்டீங்க, அவங்ககிட்ட சொல்லலியா?” அவள் நிஜமாகவே திகைத்துப் போயிருந்தாள். கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. “அடிச்சது பரவால்ல சார். நான் உயிரோட இருக்கேன். ஆனா நீங்க அவங்ககிட்ட சொல்ற வரைக்கும் நான் உங்ககிட்ட கத்துக்க மாட்டேன்.”

அவளுக்காக மேகம் புதிதாக எடுத்துவைத்திருந்த ஃபைபர் வெறுங்கம்பை மேசையில் ஊன்றினாள். வளைத்தாள், உருட்டினாள். துள்ளிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். ஒரு வளையமும் கட்டாமல் கொண்டுபோய்ச் சட்டத்தில் சாய்த்துவிட்டு, அம்மாவின் பின்னால் போய்விட்டாள்.

சொல்ல வேண்டியது ஒரே வரி. அவன் குடிக்கவில்லை, கம்பு நான் கட்டியது. பத்து வார்த்தைகூட இல்லை. ஒரே வரியைச் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று டிகிரி கணக்குப் போட்டாள். இன்றைக்கு மாலை போய்விடுவார் என்று நினைத்தாள்.

போனார். கையில் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, பின் சந்து வழியாக இல்லாமல் நேராகவே போனார். அம்மாவும் மகளும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். இஸ்திரி அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார். மேலே பார்த்தார். சட்டையை நீட்டினார். அக்கா தேய்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“சொல்லிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“கூட்டமா இருந்துச்சு.”

“அங்க நீங்களும் அவங்களும்தான் நின்னீங்க!”

“ரோட்டுல,” என்றார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் கார்பன் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். டிகிரி கரும்பலகையில் படம் வரைந்தாள். ஐந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். பென்சில் கோடு போட்ட வெறுங்கம்பு சட்டத்தில் அப்படியே இருந்தது. பேசும்போதெல்லாம் அவர் கண் அங்கே போய்ப் போய் வந்தது.

மூன்றாவது வாரம் டிகிரி அம்மாவின் புடவையை வாங்கப் போனபோது இஸ்திரி அக்கா கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“ஏன் டிகிரி, உங்கப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“ஏங்க்கா?”

“பத்தொன்பது வருஷமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத மனுஷன் இப்ப தினம் வர்றாரு. வந்துட்டுப் போகட்டும், நல்லது. ஆனா இன்னிக்குக் குடுத்துட்டுப் போன சட்டையப் பாரு. நேத்து நான் தேய்ச்ச சட்டை. மடிப்புகூடக் கலையல! அதையே குடுத்து, தேய்ச்சுக் குடுங்கன்னு நிக்கிறாரு. நானும் தேய்ச்சதையே தேய்ச்சுட்டு நிக்கிறேன். பாக்குறவன் ரெண்டு பேருக்கும் சேத்துப் பைத்தியம்னுதான் சொல்லுவான்.”

டிகிரிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சட்டையின் மடிப்பை விரலால் தடவினாள்.

“அவர் என்கிட்ட ஏதோ கேக்க வர்றாரு,” என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. “என்னன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியும். இந்த எட்டு மாதத்தில் யாராவது கேட்ட கேள்விக்கு அவளுக்கு உறுதியாக விடை தெரிந்தது இது ஒன்றுதான். நாக்கு நுனியில் இருந்தது. வகுப்பில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியும் நினைவுக்கு வந்தது. இதையும் சொல்லாமல் விடலாமா? சொன்னால் அக்காவுக்கு உடனே விடிவு. ஆனால் அப்பா அந்த மேசைக்கு முன்னால் இனி ஒருநாளும் வந்து நிற்க வேண்டியிருக்காது. மூட்டையை எட்டு வயதிலிருந்து அவருக்காகத் தூக்கியவள், இதையும் அவருக்காகத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டால் அவர் மறுபடி பின் சந்துக்குப் போய்விடுவார்.

“தெரியும்க்கா. ஆனா அவர் கேக்க வரல. சொல்ல வர்றாரு. அவர்தான் சொல்லணும்.”

இஸ்திரி அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பெட்டிக்குள் கரி ஒன்று படபடத்து அடங்கியது. அவர் முகத்தில் என்னென்னவோ ஓடின. எதுவும் நிலைக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரப் பத்தியா?”

டிகிரி தலையை மட்டும் அசைத்தாள்.

அக்கா பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதினார். பிறகு அந்தச் சட்டையை எடுத்து உதறி, தேய்க்கவே தேவையில்லாத சட்டையைத் திரும்பவும் விரித்து, காலரிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

“நாளைக்கு வரட்டும். நான் வேற துணி வாங்காம உக்காந்திருக்கேன்னு சொல்லு.”

அதை அவள் அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். ஒரு செருப்பு மாட்டியிருந்தது, இன்னொன்று விரலில் தொங்கியது. மேலே பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. பிறகு தெருவில் இறங்கி நடந்தார்.

முனையில் இஸ்திரி அக்கா எழுந்து நின்றது ஜன்னலிலிருந்து தெரிந்தது. மேசையில் ஒரு துணிகூட இல்லை. அவர் நின்றார். அக்கா நின்றார். ஒரு பேருந்து குறுக்கே போனது. அது போய் முடிந்தபோது அவர் சட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா அதை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாங்கினார்.

சொல்ல வேண்டிய வரி இன்றும் அவரோடே திரும்பியது; சட்டை மட்டும் நேற்றையதைவிட இன்னும் கொஞ்சம் விறைப்பாக வீட்டுக்கு வந்தது.